படையைக் குறைத்த கையோடு போருக்குப் போன அரசு, எழுந்து கேட்ட ஒரு பின்வரிசை எம்.பி.

எசெக்ஸ் மாறன் | ஞாயிறு, இரவு 9.40

இந்த இழையை ரொம்ப நாளாகத் தொடங்க நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். 2027 ஏப்ரலுக்குள் பாதுகாப்புச் செலவை ஜிடிபியில் (நாட்டின் மொத்த உற்பத்தியில்) 2.5 சதவீதமாக உயர்த்துவோம், அதற்காக வெளிநாட்டு உதவியை 0.5 சதவீதத்திலிருந்து 0.3 ஆகக் குறைப்போம் என்று பிரிட்டன் அரசு அறிவித்ததிலிருந்து இங்கே எல்லாரும் ராணுவம் பற்றித்தான் பேசுகிறார்கள். இதே ராணுவத்தை வெட்டிச் சுருக்கியபோது ஆளுங்கட்சிக்குள்ளிருந்தே எழுந்து கேட்ட ஒரு மனிதரை யாரும் நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. அவரைப் பற்றி எழுத வேண்டும்.

நான் இருப்பது இங்கிலாந்தில் எசெக்ஸ் மாவட்டத்தின் பாசில்டன் பக்கம். 2001 முதல் 2024 வரை இந்தப் பகுதியின் எம்.பி. ஜான் பாரன், கன்சர்வேட்டிவ் கட்சி. அந்தக் கட்சிக்கு நான் ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை. ஆனாலும் 2011 மார்ச் 21 இரவை மறக்க முடியவில்லை. முதியோர் இல்லத்தில் இரவுப் பணி எனக்கு, அன்று வார விடுப்பு. சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நாடாளுமன்ற சேனலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடாஃபியின் படைகளிடமிருந்து மக்களைக் காப்பதற்கென்று லிபியா மீது தொடங்கிய ராணுவ நடவடிக்கைக்கு ஆதரவு கேட்டு வாக்கெடுப்பு. ஆதரவு 557, எதிர்ப்பு 13. அந்தப் பதின்மூன்று பேரில் ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியிலிருந்து ஒரே ஒருவர். அது எங்கள் ஊர் எம்.பி.

அந்த வாக்கெடுப்பின் பின்னணியைத் தேதி வாரியாகப் பாருங்கள்.

2010 அக்டோபர் 19 அன்று பிரதமர் கேமரனின் அரசு பாதுகாப்பு மறு ஆய்வை வெளியிட்டது. நான்கு ஆண்டுகளில் செலவு 8 சதவீதம் குறைப்பு. தரைப்படையில் 7,000 பேர், கடற்படையில் 5,000, விமானப்படையில் 5,000 பேர் வீட்டுக்கு. ஹாரியர் விமானங்கள் ஒன்றுவிடாமல் ஓய்வு. அவற்றைச் சுமந்த ஆர்க் ராயல் கப்பலும் ஓய்வு. கோடி கோடியாகக் கொட்டிக் கட்டிய நிம்ராட் ரோந்து விமானங்கள் பணிக்கு வரும் முன்பே ரத்து. ஆர்க் ராயல் முறைப்படி விடைபெற்றது 2011 மார்ச் 11. லிபியாவில் குண்டு விழத் தொடங்கியது மார்ச் 19. நடுவில் எட்டே நாள்.

விமானந்தாங்கிக் கப்பல் கையில் இல்லை. அதனால் முதல் இரவு டொர்னாடோ போர் விமானங்கள் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் உள்ள மார்ஹம் தளத்திலிருந்து கிளம்பி, நடுவானில் எரிபொருள் நிரப்பி, குண்டு போட்டுவிட்டுத் திரும்பின. போய் வர 3,000 மைல். பக்கத்து நாடான பிரான்ஸ் தன் விமானந்தாங்கிக் கப்பலைக் கடலில் கொண்டுபோய் நிறுத்தியது. லிபியாவின் பெங்காசி நகரில் சிக்கிய மக்களைப் பிப்ரவரியில் ஏற்றி வந்த கம்பர்லாந்து போர்க்கப்பல்கூட ஓய்வுக்கு நாள் குறித்தாகிவிட்ட கப்பல்தான்.

இன்னொன்று: குண்டு விழுந்தது சனிக்கிழமை, சபையைக் கேட்டது திங்கட்கிழமை.

பாரன் போர் வெறுப்பாளர் கிடையாது. சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பயிற்சி பெற்று, ராயல் ரெஜிமெண்ட் ஆஃப் ஃப்யூசிலியர்ஸ் படையில் கேப்டனாக வட அயர்லாந்திலும் சைப்ரஸிலும் ஜெர்மனியிலும் பணியாற்றியவர். 2003-ல் நிழல் சுகாதார அமைச்சர் (அரசின் சுகாதாரத் துறையைக் கண்காணிக்க எதிர்க்கட்சி வைக்கும் ஆள்) பொறுப்பை விட்டுவிட்டு இராக் போருக்கு எதிராக வாக்களித்தார். அப்போது எதிர்க்கட்சியாக இருந்த அவருடைய கட்சியே பிரதமர் பிளேரின் போருக்கு ஆதரவு. அதன்பின் ஆப்கானிஸ்தான், ஈரான், லிபியா, சிரியா என்று ஒவ்வொன்றிலும் கேள்வி கேட்டார். அதே ஆள் ராணுவத்தைக் குறைக்காதீர்கள் என்றும் கேட்டார். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று பலர் எழுதினார்கள். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நிலா_எம்.ஏ | ஞாயிறு, இரவு 10.05

அண்ணா, பின்வரிசை எம்.பி. என்றால் பின்னால் உட்காருபவர் என்றுதான் அர்த்தமா? அமைச்சராக இல்லாதவர் கேட்டால் அரசு பதில் சொல்லியே ஆக வேண்டுமா?

எசெக்ஸ் மாறன் | ஞாயிறு, இரவு 10.30

ஆமாம் தங்கச்சி, உட்காரும் இடத்திலிருந்து வந்த பெயர்தான். முன்வரிசையில் அமைச்சர்களும் எதிர்க்கட்சியின் நிழல் அமைச்சர்களும். பதவி ஏதும் இல்லாத மற்ற எல்லாரும் பின்வரிசை. புதன்கிழமை நண்பகல் பிரதமரிடம் கேட்கலாம், எழுத்துமூலம் கேட்கலாம், துறை அமைச்சரைக் கேட்கலாம். அமைச்சர் எழுந்து பதில் சொல்லத்தான் வேண்டும், அது நல்ல பதிலாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லை.

2010-ல் ஒரு பெரிய மாற்றம் வந்தது. அதுவரை சபையில் எந்த நாளில் எதைப் பேசுவது என்பதைப் பெரும்பாலும் அரசுதான் முடிவு செய்யும். அந்த ஆண்டு பின்வரிசை அலுவல் குழு என்று ஒன்று உருவாகி, சில நாட்கள் இவர்கள் கைக்கு வந்தன. அந்தக் குழு மூலம் 2010 செப்டம்பர் 9 அன்று ஆப்கானிஸ்தானில் படைகள் தொடர வேண்டுமா என்று விவாதம் நடந்து வாக்கெடுப்பும் நடந்தது. 310-க்கு 14. போர் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆன பிறகு!

அந்தச் சமயத்தில் பாரன் திரும்பத் திரும்பச் சொன்னது: அல்கொய்தாவும் தாலிபானும் ஒன்றல்ல, இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள், தாலிபானோடு பேசுங்கள். அந்த ஜூனில்தான் சிஐஏ இயக்குநர் லியோன் பனெட்டா, ஆப்கானிஸ்தானில் மிஞ்சியிருக்கும் அல்கொய்தாவினர் 50 முதல் 100 பேர், அதற்கும் குறைவாகக்கூட இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். 2020-ல் அமெரிக்கா தாலிபானோடு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டது. நடுவில் பத்து ஆண்டுகள். அந்தப் போரில் இறந்த பிரிட்டிஷ் வீரர்கள் மொத்தம் 457 பேர்.

கணக்கர் | திங்கள், காலை 7.15

மாறன், ஒரு பக்கத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு கஜானா காலி. முந்தைய அரசு வாங்குவதாக ஒப்புக்கொண்ட ஆயுதங்களுக்கும் கையில் இருந்த பணத்துக்கும் நடுவே 3,800 கோடி பவுண்ட் பள்ளம் என்று அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் லியாம் ஃபாக்ஸ் சொன்னார். அந்தத் தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதில் சர்ச்சை உண்டு. பள்ளம் இருந்ததில் சர்ச்சை இல்லை. பள்ளிக்கூடமும் நூலகமும் வெட்டு வாங்கிய நேரத்தில் ராணுவத்தை மட்டும் தொடாதே என்றால் அது எப்படி நியாயம்? எம்.பி.க்கு என்ன, கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடலாம். கணக்கை நேர் செய்வது அமைச்சர்தானே.

எசெக்ஸ் மாறன் | திங்கள், காலை 8.00

பள்ளம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். விரலுக்குத் தகுந்த வீக்கம்தானே இருக்க வேண்டும். பணம் இல்லை என்றால் படையைக் குறைக்கலாம், அது ஒரு நேர்மையான முடிவு. அப்படிக் குறைத்தால் வெளியே போய்ச் செய்யும் வேலையையும் குறைத்தாக வேண்டும். விரலை வெட்டிவிட்டு வீக்கத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டதுதான் என் வருத்தம். வேலைக்குக் கிளம்புகிறேன், மீதி ராத்திரி.

தென்கரை வாசகன் | திங்கள், பகல் 12.50

எனக்கு 68 வயது. மாறன் எழுதிய அந்த எட்டு நாள் கணக்கைப் படித்ததும் 1982 ஞாபகம் வந்துவிட்டது. இது அவர்களுக்குப் புதிது இல்லை ஐயா.

அப்போது நான் கல்லிடைக்குறிச்சியில் ஆசிரியர். சிற்றலையில் பிபிசி தமிழோசை கேட்காமல் தூங்கமாட்டேன். ரேடியோவின் ஏரியலை ஜன்னல் கம்பியில் ஒரு செம்புக் கம்பியால் கட்டி வைத்திருப்பேன், மழைக்காலத்தில் அதைத் தொட்டுக்கொண்டே இருந்தால்தான் குரல் தெளியும். ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினா ஃபாக்லாந்து தீவுகளைப் பிடித்த செய்தி வந்தது. அந்தப் பெயரையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது இது. 1981-ல் பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் கடற்படையைப் பெரிய அளவில் குறைக்கத் திட்டம் போட்டார். தென்கடலில் ரோந்து போய்வந்த எண்டூரன்ஸ் என்ற ஒரே கப்பலையும் திரும்பப் பெற முடிவு. அதில் மிச்சமாகக்கூடியது ஆண்டுக்கு ஏறக்குறைய 20 லட்சம் பவுண்ட். இன்வின்சிபிள் என்ற விமானந்தாங்கியை ஆஸ்திரேலியாவுக்கு விற்கவும் பேச்சு முடிந்திருந்தது. கடற்படைக்குப் பொறுப்பான துணை அமைச்சர் கீத் ஸ்பீட் இதை எதிர்த்துப் பேசினார், 1981 மே மாதம் பதவி போனது. முன்னாள் பிரதமர் ஜேம்ஸ் கேலகன் அப்போது சாதாரண பின்வரிசை எம்.பி. எண்டூரன்ஸை எடுத்தால் விபரீதம் வரும் என்று 1982 பிப்ரவரியில் அவரே எழுந்து பிரதமர் தாட்சரிடம் கேட்டார். தாட்சர் மசியவில்லை. இரண்டு மாதத்தில் தீவு போயிற்று. மீட்பதற்குள் பிரிட்டன் தரப்பில் 255 பேர், அர்ஜென்டினா தரப்பில் 649 பேர். விற்பதாக இருந்த இன்வின்சிபிள்தான் போருக்குப் போனது.

டாம் டால்யெல் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர், தொழிற்கட்சி. ஃபாக்லாந்து போரை எதிர்த்ததால் முன்வரிசைப் பொறுப்பு போனது. மே 2 அன்று அர்ஜென்டினாவின் ஜெனரல் பெல்க்ரானோ கப்பலைப் பிரிட்டிஷ் நீர்மூழ்கி மூழ்கடித்ததில் 323 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பல் அப்போது எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது? இந்த ஒரே கேள்வியை அந்த மனிதர் ஆண்டுக்கணக்கில் கேட்டார். சபையில் அவர் எழுந்தாலே முனகல் எழும் என்பார்கள். கடைசியில் கப்பல் தீவுகளைச் சுற்றிப் பிரிட்டன் அறிவித்த தடை வளையத்துக்கு வெளியே, தீவுகளை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது என்று அரசே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அவருக்கு ஆவணங்கள் அனுப்பிய பாதுகாப்புத் துறை அதிகாரி கிளைவ் பாண்டிங் மீது ரகசியச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். 1985-ல் ஜூரி விடுதலை செய்தது.

கப்பலை மூழ்கடித்தது ராணுவரீதியாகச் சரியா தவறா என்பது வேறு. அர்ஜென்டினா கடற்படை அதிகாரிகளே அது போரில் நடப்பதுதான் என்று பிறகு சொன்னார்கள். ஆனால் சபைக்கு முதலில் சொன்னது உண்மை இல்லை. அதற்காகத்தான் டால்யெல் நின்றார்.

வேலூர் சுபேதார் | திங்கள், மாலை 6.20

நான் மதராஸ் ரெஜிமெண்ட், 24 வருட சர்வீஸ். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு ஆள் பட்டாளத்தில் இருப்பான். அரசியல் எனக்கு அதிகம் தெரியாது. பட்டாலியனைக் கலைப்பது என்றால் என்ன என்று மட்டும் சொல்கிறேன், அதைப் பேப்பரில் எழுதுகிறவர்கள் எண்ணிக்கையாக எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பட்டாலியன் என்பது அறுநூறு எழுநூறு ஆள் மட்டும் இல்லை. புதுப் பையன் வந்து இறங்கும் ராத்திரி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பான். கொசுவலை எப்படிக் கட்டுவது என்று ஒரு பழைய லான்ஸ் நாயக் காட்டிக்கொடுப்பான். அந்த லான்ஸ் நாயக்குக்கு அவனுக்கு முந்தியவன் காட்டிக்கொடுத்தது. எந்தக் குன்றில் யார் செத்தான், எந்த நாளில் அவனுக்குப் பூஜை, மெஸ்ஸில் எந்தப் படம் எங்கே தொங்க வேண்டும், எல்லாம் இப்படித்தான் கை மாறும். "வீர மதராஸி, அடி கொல்லு" என்று கத்தும்போது முன்னால் ஓடுகிறவன் பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டான், ஆள் வருகிறான் என்று தெரியும். அந்த நம்பிக்கை உருவாகப் பதினைந்து வருடம் ஆகும். ஒரு ஆர்டரில் கலைத்துவிடலாம். மறுபடி வேண்டும் என்றால் இன்னொரு ஆர்டரில் வராது.

மாறன் தம்பி, பாரன் இருந்த ரெஜிமெண்டிலேயே ஒரு பட்டாலியனைக் கலைத்தார்கள் என்று படித்தேன். அதைக் கொஞ்சம் எழுதுங்கள்.

எசெக்ஸ் மாறன் | திங்கள், இரவு 11.10

ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நன்றி.

2012 ஜூலை 5 அன்று பாதுகாப்பு அமைச்சர் ஃபிலிப் ஹேமண்ட் தரைப்படையை 1,02,000-லிருந்து 82,000 ஆகக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தார். 17 பெரிய பிரிவுகள் கலைப்பு அல்லது இணைப்பு. அதில் ஒன்று பாரன் இருந்த ராயல் ரெஜிமெண்ட் ஆஃப் ஃப்யூசிலியர்ஸின் இரண்டாம் பட்டாலியன். தொப்பியில் மேலே சிவப்பும் கீழே வெள்ளையுமாக இறகுக் கொத்து வைத்திருப்பார்களே, அவர்கள்தான். லங்காஷயர், பர்மிங்ஹாம், நார்தம்பர்லாந்து, லண்டன் என்று உழைக்கும் மக்கள் வாழும் ஊர்களிலிருந்து ஆள் சேரும் படை.

நன்றாக ஆள் சேரும் இந்தப் பட்டாலியனைக் கலைத்துவிட்டு, ஆள் சேராத ஸ்காட்லாந்துப் பட்டாலியன்களைக் காப்பாற்றுகிறீர்கள், 2014-ல் அங்கே தனிநாடு பற்றிய பொதுவாக்கெடுப்பு வருவதால்தானே என்று பாரன் நேராகவே கேட்டார். அரசு மறுத்தது. 2012 அக்டோபர் 18 அன்று பின்வரிசை நேரத்தில் விவாதம் கொண்டுவந்தார். அன்று முன்னாள் ஃப்யூசிலியர்கள் இறகுத் தொப்பியோடு வெஸ்ட்மின்ஸ்டரில் அணிவகுத்து வந்தார்கள். சபை கலைப்புக்கு எதிரான தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆனால் இந்தத் தீர்மானங்கள் அரசைக் கட்டுப்படுத்தாது. 2014-ல் இரண்டாம் பட்டாலியன் முதலாவதோடு இணைக்கப்பட்டது.

நீங்கள் சொன்ன கை மாறும் விஷயம்தான் அடுத்த சண்டைக்கும் காரணம். குறைத்த 20,000 பேருக்கு ஈடாகப் பகுதிநேர ரிசர்வ் வீரர்களை 30,000 ஆக்குவோம் என்றது அரசு. பாரன் கேட்டது ரொம்ப எளிய கேள்வி: ரிசர்வ் ஆட்கள் முதலில் வந்து சேரட்டும், திட்டம் நடக்கும் என்று தெரியட்டும், அதுவரை நிரந்தரப் படையைக் கலைக்காதீர்கள். 2013 நவம்பரில் இதைச் சட்டத் திருத்தமாகவே கொண்டுவந்தார். தோற்றது. 2014 ஜூனில் தேசியத் தணிக்கை அலுவலகம் அறிக்கை கொடுத்தது. பெரிய மாற்றம் ஏதும் செய்யாவிட்டால் அந்த 30,000 என்ற இலக்கை எட்ட 2025 ஆகிவிடலாம் என்றது. இத்தனை ஆட்களைச் சேர்க்க முடியுமா என்று முறையாகச் சோதித்துப் பார்க்காமலே திட்டம் போட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னது. பாரன் கேட்டதும் அதையேதான்.

லெஸ்டர் ராஜி | செவ்வாய், காலை 9.25

இதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. என் அக்கா மகன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர விண்ணப்பம் போட்டான். ஆள் எடுக்கும் வேலையைத் தனியார் கையில் கொடுத்திருந்த காலம். சிறு வயதில் இருந்த ஆஸ்துமா பற்றி டாக்டர் கடிதம் கேட்டார்கள், கொடுத்தோம். காணவில்லை என்றார்கள், மறுபடி கொடுத்தோம். ஒவ்வொரு நாளும் காலை ஐந்தரைக்கு எழுந்து பூங்காவைச் சுற்றி ஓடுவான், ஷூ வாசலிலேயே இருக்கும். பத்தாவது மாதம் அந்த ஷூ உள்ளே போய்விட்டது. ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். 2018 தணிக்கை அறிக்கையில், விண்ணப்பித்தவர்களில் பாதிப் பேருக்கு 321 நாட்கள் வரை ஆனது என்று பார்த்தபோது, எங்கள் பையன் மட்டும் இல்லை என்று தெரிந்தது. ஆறுதலா வேதனையா சொல்லத் தெரியவில்லை.

யாழ்வாணி | செவ்வாய், மாலை 5.45

மாறன் அண்ணா, உங்கட எழுத்தில எனக்கு மரியாதை இருக்கு. ஆனா லிபியா விசயத்தில நான் உங்களோட நிக்கேல்லை. ஏன் எண்டு சொல்லுறன்.

2009 ஏப்ரல் தொடக்கம் நாங்கள் பார்லிமெண்ட் சதுக்கத்தில இருந்தனாங்கள். நான் ஹரோவில இருந்து வேலை முடிச்சு நேர அங்க போவன். படங்குக்குக் கீழ, நனைஞ்ச கம்பளியில குந்தியிருப்பம். முள்ளிவாய்க்காலில என்ர சித்தியும் பிள்ளையளும் இருந்தவை. கையில போனை வைச்சுக்கொண்டு, அடிக்கும் எண்டு பார்த்துக்கொண்டு இருப்பம். உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது, ஒருத்தரும் வரேல்லை. சித்தி வரேல்லை, ஒரு பிள்ளை மட்டும் வந்தது.

இரண்டு வருசம் கழிச்சு, கடாஃபியின்ர டாங்கிகள் பெங்காசியை நோக்கி வருகுது எண்டு செய்தி. அங்கையும் சனம் போனைப் பிடிச்சுக்கொண்டுதான் இருந்திருக்கும். அந்த நேரம் 557 பேர் ஓம் எண்டதுக்கு நான் அழுதனான், சந்தோசத்தில. அந்தப் பதின்மூன்று பேரில உங்கட ஆள் ஒராள். கப்பல் இருக்கோ இல்லையோ எண்ட கணக்கு, சாகப்போற சனத்துக்கு என்னத்துக்கு? "ஆழம் தெரியாமல் காலை விடாதே" எண்டு கரையில நிண்டு சொல்லலாம். மூழ்குறவனுக்கு அதைச் சொல்ல ஏலாது.

வேலூர் சுபேதார் | செவ்வாய், இரவு 7.30

அம்மா, உங்கள் சித்திக்கு என் வணக்கம். வேறு எதுவும் சொல்ல எனக்கு அருகதை இல்லை.

எசெக்ஸ் மாறன் | புதன், அதிகாலை 4.50

யாழ்வாணி அக்கா, பணி நடுவே ஓய்வு நேரத்தில் எழுதுகிறேன். உங்கள் பதிவைப் படித்த பிறகு ராத்திரி முழுக்க வேறு எதிலும் மனம் போகவில்லை. உங்களுக்குப் பதில் சொல்லி ஜெயிக்க இதை எழுதவில்லை.

பெங்காசியைக் காப்பாற்றியது தவறு என்று நான் நினைக்கவில்லை. 2016 செப்டம்பரில் காமன்ஸ் சபையின் (நாடாளுமன்றக் கீழவையின்) வெளியுறவுக் குழு லிபியா பற்றி அறிக்கை கொடுத்தது. தலைவர் கிறிஸ்பின் பிளண்ட், அவரும் கன்சர்வேட்டிவ். பாரனும் அந்தக் குழுவில் ஒருவர். அதில் என்னை உறையவைத்த ஒரு விஷயம் உண்டு. பிரெஞ்சு விமானங்கள் முன்னின்று தாக்கியதில், 24 மணி நேரத்துக்குள் பெங்காசி பாதுகாப்பாகிவிட்டது. அதாவது திங்கட்கிழமை இரவு சபை வாக்களித்தபோது, நீங்கள் அழுதீர்களே, நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேனே, அந்த நேரத்தில் பெங்காசி ஏற்கெனவே தப்பித்துவிட்டது. அதற்குப் பிறகு அக்டோபர் வரை ஏழு மாதம் நடந்தது வேறு ஒன்று. மக்களைக் காப்பது என்று தொடங்கி ஆட்சியைக் கவிழ்ப்பதில் போய் நின்றது என்று குழு சொல்கிறது. கவிழ்த்த பிறகு என்ன என்று யாரிடமும் திட்டம் இல்லை. குண்டுவீச்சுக்குச் சுமார் 32 கோடி பவுண்ட், நாட்டைத் திரும்பக் கட்ட ஏறக்குறைய 2.5 கோடி. கடாஃபியின் கிடங்கு ஆயுதங்கள் மாலி வரைக்கும் போயின. பிறகு லிபியக் கரையிலிருந்து கிளம்பிய படகுகள். 2015 ஏப்ரலில் ஒரே படகில் எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் மூழ்கினார்கள். அவர்களும் சனம்தானே அக்கா.

அன்றைக்கு யாராவது ஒருவர், முதல் நாள் வேலை முடிந்ததே, அடுத்தது என்ன, எவ்வளவு நாள், எதை வைத்துச் செய்யப்போகிறோம் என்று விடாமல் கேட்டிருக்க வேண்டும். கேட்டவர்கள் சிலர். 557 பேரில் பெரும்பாலானவர்கள் கேட்கவில்லை. பாரன் அன்று போட்ட வாக்கு சரியா என்பதில் உங்களோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்ட கேள்விகள் சரியானவை. அதில் உறுதியாக இருக்கிறேன்.

அதன் விளைவையும் பார்த்தோம். 2013 ஜூலையில் சிரியக் கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதம் கொடுப்பதென்றால் நாடாளுமன்றத்தின் முன் அனுமதி வேண்டும் என்று பாரன் தீர்மானம் கொண்டுவந்தார், பெரும் ஆதரவோடு நிறைவேறியது. அடுத்த மாதம் 29-ம் தேதி சிரியா மீது தாக்குதலுக்கு கேமரன் ஆதரவு கேட்டபோது 285-க்கு 272 என்று தோற்றார். முப்பது கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள் எதிராக வாக்களித்தார்கள். லிபியாவுக்கு ஒருவர், இரண்டரை ஆண்டில் முப்பது பேர்.

கணக்கர் | புதன், காலை 8.10

அந்தச் சிரியா வாக்கெடுப்புக்குப் பிறகு ரசாயன ஆயுதம் போட்ட சிரிய அதிபர் அசாத் இன்னும் பதினோரு ஆண்டுகள் ஆட்சியில் இருந்தார். அதையும் எழுதுங்கள். கேள்வி கேட்பதற்கும் விலை உண்டு, அதை வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

ராணுவச் செலவு பற்றி நான் முதலில் எழுதியதில் ஒரு திருத்தம். பாதுகாப்புக்கு ஜிடிபியில் குறைந்தது 2 சதவீதம் செலவிட வேண்டும் என்று 2015 மார்ச்சில் பாரன் கொண்டுவந்த தீர்மானத்தை இப்போதுதான் படித்தேன். ஒரு சிலரே சபையில் இருந்து வாக்களித்திருக்கிறார்கள், ஆனால் நான்கு மாதத்தில் நிதியமைச்சர் ஆஸ்போர்ன் அதே 2 சதவீதத்தை பட்ஜெட்டில் உறுதி செய்தார். பென்ஷன் போன்ற சில இனங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துத்தான் எட்டினார்கள் என்பது வேறு. கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார் என்று எழுதினேன். அது சரியில்லை.

தென்கரை வாசகன் | புதன், பகல் 1.15

நம் ஊரில் இது ஏன் நடப்பதில்லை என்று நிலா போன்ற பிள்ளைகள் கேட்கக்கூடும். 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம்தான் பெரிய காரணம். கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் எம்.பி. பதவியே போய்விடும். பணத்துக்காகக் கட்சி மாறுவதைத் தடுக்கக் கொண்டுவந்தது, மனசாட்சிக்காக வாக்களிப்பதையும் சேர்த்து அடைத்துவிட்டது. பிரிட்டனில் கொறடாவை மீறினால் கட்சி கோபப்படும், வெளியேற்றக்கூடச் செய்யும், தொகுதி மக்கள் கொடுத்த இடம் அப்படியே இருக்கும்.

அந்தச் சட்டத்துக்கு முன்னால் நம்மிடமும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். சீனா பிடித்துக்கொண்ட அக்சாய் சின்னில் ஒரு புல்கூட முளைக்காது என்று நேரு சொன்னபோது, அவருடைய காங்கிரஸைச் சேர்ந்த மகாவீர் தியாகிதான் தன் வழுக்கைத் தலையைக் காட்டி, இங்கேயும் எதுவும் முளைக்கவில்லை, அதற்காக வெட்டிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார்.

நிலா_எம்.ஏ | புதன், மாலை 4.00

ஐயா, அப்படியானால் வாக்களிக்க முடியாவிட்டாலும் கேள்வி கேட்கலாம் இல்லையா? கேள்வி நேரத்துக்குக் கொறடா உத்தரவு கிடையாதே.

தென்கரை வாசகன் | புதன், மாலை 4.40

கிடையாது அம்மா. சட்டம் தடுக்கவில்லை. அடுத்த முறை சீட்டுக் கொடுப்பது யார் என்ற பயம் தடுக்கிறது. நீ கேட்டது நல்ல கேள்வி.

யாழ்வாணி | புதன், இரவு 10.20

மாறன் அண்ணா, 24 மணித்தியாலம் எண்டு நீங்கள் எழுதினதை எனக்கு முந்தித் தெரியாது. அந்த அறிக்கையைத் தேடி வாசிச்சன், கொஞ்சம்தான், பிறகு மூடி வைச்சிட்டன். கேட்டிருக்க வேண்டிய கேள்வி எண்டு நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனா முதல் நாள் விமானம் போனதுக்கு நான் இப்பவும் ஓம் எண்டுதான் சொல்லுவன். அதை மாத்தமாட்டன்.

ஒரு விசயம் ஞாபகம் வந்தது. 2009-ல எங்கட பிரச்சினையைச் சபையில எழுப்பின ஆக்களில லண்டன் மிட்சம் அண்ட் மோர்டன் தொகுதி எம்.பி. ஷிவோன் மெக்டோனாவும் ஒராள். அவவும் பின்வரிசைதான். அவவின்ர கட்சிதான் ஆட்சியில. நாங்கள் வெளியில சதுக்கத்தில, அவை உள்ளுக்கை. இண்டைக்கு இத்தனை மணிக்கு இன்னார் பேசுவினம் எண்டு யாராவது ஒரு துண்டில எழுதிக் கொண்டுவருவினம். நனைஞ்ச துண்டு, மை பரவியிருக்கும். அது கை மாறி மாறி கடைசி வரிசைக்கு வரும். நேரம் வந்தவுடனே கொடி பிடிச்சிருந்த பெடியளும் கத்துறதை நிப்பாட்டிப்போட்டு அந்தக் கட்டிடத்தைப் பார்த்துக்கொண்டு நிப்பாங்கள். உள்ளுக்கை என்ன கதைக்கினம் எண்டு ஒண்டும் கேக்காது. எண்டாலும் ஒருத்தரும் அசையமாட்டம்.